கடைசிப் பக்கத்துத் தேதி

— பொறந்த தேதி எழுதியாச்சும்மா. செத்த தேதிக்கு என்ன போட?

— நம்ம தீப்பெட்டி ஆபீஸ் தீப்பிடிச்ச தேதியப் போடு. தொண்ணூத்தி ஒண்ணு, மே பன்னெண்டு.

— அன்னைக்கு நான் சாகலையேம்மா.

— செத்திருந்தா எனக்கு இந்தப் பாடு இருந்திருக்காது, முத்துச்செல்வி. மூஞ்சி வெந்த மூத்தவள வீட்ல வச்சிக்கிட்டு எளையவள எவன் கேட்டு வருவான்? மூணு எடம் வந்துச்சு. மூணு பேரும் காப்பிய அப்படியே வச்சிட்டு எந்திரிச்சிப் போயிட்டாவ.

— உமாவ வெளிய தள்ளிவிடப் போயித்தான எனக்கு வெந்துச்சு.

— ஏட்டி, அதையே எத்தன வருசம் சொல்லுவ? அன்னைக்குத் தள்ளிவிட்டேல்லா, இன்னைக்கும் தள்ளிவிடு. ஒரு வரி எழுதுனா அவ கரையேறிருவா.

— வாறவிய கிட்ட என்ன சொல்லிருக்க?

— மூத்தது தீயில போயிருச்சுன்னு தரகர்ட்டச் சொல்லி விட்டிருக்கேன். புதியம்புத்தூர்க்காரவிய, தையல் யூனிட்டு வச்சிருக்காவ. மாப்பிள்ளையோட அம்மா ஆல்பம் பாக்கணும்னு கேட்டிருக்கு. சின்ன வயசு மூஞ்சியப் பாத்தாத்தான் வம்சம் தெரியுமாம்.

— தெருக்காரவிய சொல்லிற மாட்டாவளா?

— ஏழு வருசமா ஒன்னத் தெருவுல யாரு பாத்தா? பாதிப் பேரு நீ செத்துட்டன்னுதான் நெனச்சிருக்கான்.

— அப்ப உமா எழுதட்டும்மா. என் சாவ நானேவா எழுதணும்?

— ஆல்பம் பூரா ஒன் எழுத்து. ஆறாங் கிளாஸ்லருந்து ஒவ்வொரு போட்டோவுக்கு அடியிலயும் நீதான எழுதிருக்க? கடைசிப் பக்கத்துல மட்டும் வேற எழுத்து இருந்தா, நேத்து எழுதுனதுன்னு அந்தம்மா கண்டுபிடிச்சிராதா? எனக்கு அம்புட்டுக்கூடவா வெவரம் கெடையாது?

— இருக்கும்மா. ஒனக்கு வெவரம் நெறைய இருக்கு.

— பின்ன எழுது. அதே வெள்ள மை, அதே மாதிரி குண்டு குண்டா.

— சரிம்மா. தெளிவாவே எழுதுதேன்.

— எழுதிட்டு பின்னால ரூமுக்குள்ள போயிரு. வெளிய பூட்டிருவேன். இருமல் வந்தா முந்தானைய வாயில வச்சிக்கோ.

— எம்புட்டு நேரம்மா?

— இன்னைக்கு அவிய போற வரைக்கும்.

— கல்யாணத்துக்குப் பொறவு?

— மாப்பிள்ள வந்து போவாருல்லா. அவரு வரும்போதெல்லாம்.

*

— வாங்க மதினி, இங்கன ஃபேனுக்கு அடியில உக்காருங்க. உமா, அத்தைக்குக் காப்பி கொண்டா.

— காப்பி கெடக்கட்டும் மதினி. மொதல்ல ஆல்பத்தக் குடுங்க. இதுதான் தீயில போன மூத்ததா? லெச்சணமா இருந்திருக்கு, பாவம்.

— தங்கமான பிள்ள மதினி. அவள நெனச்சா எனக்கு இன்னைக்கும் சோறு எறங்காது.

— அடியில எழுதிருக்கது யாரு? ஒவ்வொண்ணும் அச்சடிச்ச மாதிரி இருக்கே.

— அவதான் மதினி. இந்த ஆல்பத்துல வேற யாரும் ஒரு எழுத்துக்கூட எழுதுனது கெடையாது. அவ கையெழுத்தத் தடவிப் பாத்துத்தான் நாளக் கழிக்கேன்.

— அப்படியா? கடைசிப் பக்கத்துல அவ செத்த தேதியையும் அவளே எழுதிருக்காளே மதினி.