கூட்டைக் கொளுத்தும் முன்

வெலிமடையிலிருந்து பண்டாரவளைக்குப் போகும் பஸ்ஸில், எனக்கு முன்னிருக்கையில் ஒரே தேயிலைத் தோட்டத்து ஆட்கள் இருவர், ஒரு பெரியவரும் ஒரு அம்மாவும். பெரியவர் போனில் செய்தி பார்த்துக்கொண்டிருந்தார். அந்த அம்மாவின் மடியில் லீக்ஸ் கட்டு.

“இந்தியா இப்ப குளவிய வெரட்டுறது இல்ல, கூட்டுக்கே போகுது,” என்றார் அவர்.

“என்னாண்ணே சொல்றீங்க?”

“முன்னயெல்லாம் தீவிரவாதி எல்லை தாண்டி வந்து சுட்டா, ஒலகத்துக்கிட்ட முறைப்பாடு சொல்லுவாங்க. பக்கத்துத் தோட்டத்து மரத்துல குளவிக் கூடு, கொட்டு வாங்குறது நம்ம ஆளு. நம்ம மேனேஜர் தொர அந்தத் தோட்டத்துத் தொரைக்குக் கடுதாசி போடுவாரே, அந்த மாதிரி. இப்ப கடுதாசியெல்லாம் கெடையாது. பாகிஸ்தான் பக்கமே போயி கொளுத்திட்டு வர்றாங்க. இந்தியாவோட இன்னொரு எல்லையில இருக்கிற சீனாக்காரனும் இதப் பாத்துக்கிட்டுத்தான் இருக்கான்.”

“கொளுத்த வேண்டியதுதான். கொட்டு வாங்குனவளுக்குத்தான் தெரியும்.”

“அப்பிடிச் சொல்லு தங்கச்சி.”

பஸ் ஒரு வளைவில் திரும்பியது. அந்த அம்மா லீக்ஸ் கட்டைப் பிடித்துக்கொண்டார்.

“நம்ம தோட்டத்துல கூடு கொளுத்துறதுக்கு முந்தி, கொழுந்து எடுக்கிற பொம்பளைகள மலையில இருந்து எறக்கிடுவாங்கல்ல. அங்க எல்லை ஓரத்துல இருக்கிறவங்கள யாருண்ணே எறக்குனது, ரெண்டு பக்கமும்?”

அவர் போனில் செய்தியை மேலும் கீழும் தள்ளிப் பார்த்தார்.

“அத இதுல போடல தங்கச்சி.”