இடப்பக்கத்து டிராயர்

இல்ல தலைவரே, டிராயர அந்தப் பக்கம் மாத்தவே முடியாது. வேற எது வேணும்னாலும் சொல்லுங்க, செய்யறேன். இந்தத் துணி துவைக்கிற சிங்க்க இடப்பக்கம் தள்ளிட்டு டிராயர வலப்பக்கம் போட்டா உங்க பிளம்பிங் வேலை சுலபம்னு எனக்கும் தெரியுது. சுவத்துல தண்ணி போற ஓட்டை இடப்பக்கம் இருக்கு. சிங்க் அதுக்கு நேரா வந்துரும், நீங்க ஒரு வளைவு பைப்ப மாட்டிட்டு கையக் கழுவிட்டுக் கிளம்பிரலாம். ஆனா டிராயர் இடப்பக்கம்தான் இருக்கணும்.

நாந்தான் சொதப்பிட்டேன். சுவர அளந்தேன், வாஷிங் மெஷின அளந்தேன், கதவு திறக்கிற தூரத்தக்கூட அளந்தேன். இந்த ஓட்டை மட்டும் கண்ணுல படல. கேபினட்டக் கொண்டாந்து நிறுத்துனா, பைப்பு வர வேண்டிய இடத்துல என் டிராயர் ஜம்முனு உக்காந்திருக்கு. நேத்து உளி பிடிச்சவன்கூட இப்படிப் பண்ண மாட்டான். சிரிங்க, சிரிங்க.

இருங்க, வெளிய ஏதோ கார் சத்தம். பக்கத்து வீடா? சரி சரி.

அவசரம்னு இல்ல. அந்தம்மா அளவெடுக்கறதுக்கு முன்னாலயே சாவிய எங்க முதலாளிகிட்ட கொடுத்துட்டாங்க, இப்ப ஆபீஸ் போயிருக்காங்க. அவங்க திரும்பி வர்றதுக்குள்ள நான் கிளம்பிரணும், அவ்வளவுதான். ஐயோ, ஃபோன்லாம் வேணாம், உள்ள வைங்க. இதுக்குப் போயி அவங்கள எதுக்குத் தொந்தரவு பண்ணிக்கிட்டு? எனக்கும் அவங்களப் பழக்கம் இல்ல. ஆர்டர் எடுத்தது முதலாளி. அவர்கிட்ட ஒரே ஒரு கண்டிஷன்தான் போட்டாங்களாம். அது கிடக்கட்டும், இப்படி வாங்க, குனிஞ்சு பாருங்க.

சிங்க்குக்கு அடியில வளைவப் போடுங்க. அங்கருந்து பைப்ப சுவத்த ஒட்டியே, டிராயருக்குப் பின்னால கொண்டு போங்க. நான் டிராயரோட நீளத்துல ஒரு சாண் வெட்டிடறேன். முன்னால இருந்து பாத்தா ஒண்ணும் தெரியாது. தண்ணி ஓட வாட்டம் பத்துமா? ஏன் பத்தாது? சிங்க்க நான் வழக்கத்தவிட நாலு விரல் ஒசத்தித்தானே வெச்சிருக்கேன். தண்ணி தானா ஓடிரும். துணித் தூசி போய் அடைக்கும்கறீங்க, நியாயம்தான். அடைச்சா டிராயர மொத்தமா உருவிட்டு, கைய விட்டுக் கழட்டிக்கற மாதிரி வெச்சிருவோம். ம், இப்பத்தான் உங்க மூஞ்சி தெளியுது. ரம்பத்த இப்படிக் கொடுங்க.

எதுக்கு இவ்வளவு பிடிவாதம்னா, அவங்களுக்கு இடது கைப் பழக்கம். சோப்பு, பிரஷ், கிளிப்பு எல்லாமே இடது கையாலதான் எடுப்பாங்க. வலப்பக்கம் வெச்சா ஒவ்வொரு தடவயும் உடம்பத் திருப்பி, தரையெல்லாம் தண்ணி சொட்டி, அதத் தொடச்சி, அப்புறம் வாயே திறக்காம ஒரு பார்வை பாப்பா பாருங்க. நல்ல உயரம் வேற. குனிஞ்சே துவைச்சா ராத்திரி இடுப்ப நிமித்த முடியாது.

என்ன அப்படிப் பாக்கறீங்க? பழக்கம் இல்லேன்னுதான் சொன்னேன், ஆமா. இந்தப் பைப்பப் பிடிங்க. நல்லா முறுக்குங்க.

என் பொண்டாட்டிதான், விடுங்க. ரெண்டு வருஷமா தனியா இருக்கா. அடிதடி, குடி, அதெல்லாம் ஒண்ணும் கிடையாது. நான் பேசிக்கிட்டே இருப்பேன், அவ பேசாமயே இருப்பா. ஒரு நாள் ரெண்டு பேருக்கும் தாங்கல. பாருங்க, உங்களுக்கே இந்நேரம் காது வலிச்சிருக்கும்.

அந்தக் கண்டிஷனா? யார வேணும்னாலும் அனுப்புங்க, என் புருஷன மட்டும் அனுப்பிராதீங்கன்னாளாம். முதலாளி அத என்கிட்ட அப்படியே சொல்லிட்டு, சாவிய மேஜை மேல வெச்சிட்டு டீ குடிக்கப் போயிட்டாரு. நான் என்ன பண்ணட்டும், சொல்லுங்க? அவ எப்படிக் கேட்டா, எந்த மூஞ்சியோட கேட்டா, ஒண்ணும் தெரியாது. ஆனா என் புருஷன்னு சொல்லியிருக்கா தலைவரே. ரெண்டு வருஷம் கழிச்சும் அப்படித்தான் சொல்லியிருக்கா. இந்தப் பலகைய வெட்டி முடிக்கிற வரைக்கும் எனக்கு அது ஒண்ணுதான் காதுல ஓடிக்கிட்டிருந்துச்சு.

சரி, தண்ணியத் திறங்க. போகுதா? அடியில பாருங்க. ஒழுகலையா? சொட்டுக்கூட இல்லையா?

வாசல்ல கேட் சத்தமா அது? இல்ல இல்ல, நீங்க எந்திரிக்காதீங்க. டார்ச்ச அடிச்சு நல்லாப் பாருங்க தலைவரே, அந்த மூலையில லேசாக் கசியற மாதிரி இல்ல?