அசைந்தால் எரியும்

செக்யூரிட்டி: லைட் அணைஞ்சிருந்தா தூங்குறார்னு அர்த்தம் மேடம். இதுக்குப் போய் இவ்வளவு பதறினா...

மகள்: இந்நேரத்துல யாருண்ணே தூங்குவாங்க? இன்னும் முழுசா இருட்டவே இல்ல.

செக்யூரிட்டி: வயசானவங்க. எங்க மாமனார் பொழுது சாயறதுக்கு முன்னாடியே படுத்துடுவார். எழுப்பினா சண்டைக்கு வருவார்.

மகள்: எங்கப்பா அப்படி இல்ல. ஏழாவது மாடி, ரோட்டுப் பக்கத்து வீடு. உங்க போர்டுல ஒரு தடவை பாருங்க.

செக்யூரிட்டி: எந்த போர்டு?

மகள்: உங்க மேஜைக்குப் பின்னாடி சுவத்துல இருக்குமே. எந்த ரூம்ல லைட் எரியுதுன்னு காட்டும்ல, அது.

செக்யூரிட்டி: ஓ, இந்தச் சிவப்புப் பொட்டு போர்டா? இது ஆபீஸ் காலத்து சாமானாச்சே. உங்களுக்கு எப்படித் தெரியும்?

மகள்: அப்பா அதே கட்டடத்துல, அதே மாடியில வேலை பாத்தவர். ஆபீஸையெல்லாம் காலி பண்ணி வீடாக்கினதும் முதல் ஆளா வாடகைக்கு வந்து உக்காந்துட்டார். பாருங்கண்ணே, தயவுசெஞ்சு.

செக்யூரிட்டி: இருங்க, கண்ணாடியப் போட்டுக்கறேன்... ஏழு... ரோட்டுப் பக்கம்... ஹால்ல இல்ல. படுக்கை ரூம்லயும் இல்ல.

மகள்: பாத்ரூம்?

செக்யூரிட்டி: ...அதுவும் இல்ல.

மகள்: சமையலறை?

செக்யூரிட்டி: எல்லாமே இருட்டுதான் மேடம்.

மகள்: வெளிய எங்கயாவது போயிருப்பாரோ?

செக்யூரிட்டி: என்னைத் தாண்டித்தானே போகணும். மத்தியானம் பால் பாக்கெட்டோட மேல போனவர்தான்.

மகள்: அப்ப உள்ளதான் இருக்கார். உள்ள இருக்கார்... ஆனா அசையல.

செக்யூரிட்டி: அய்யய்யோ, அப்படியெல்லாம் பேசாதீங்க. இது ஒரு லூசு லைட்டு. பழைய வயரை அப்படியே விட்டுட்டுப் போயிட்டான் பில்டர். சுவிட்சே கிடையாது. ஆள் அசைஞ்சா எரியும், கொஞ்ச நேரம் சும்மா இருந்தா அணையும். நாலாவது மாடியில புதுசா கல்யாணம் ஆன ஜோடி ஒண்ணு, புரண்டு படுத்தாக்கூட பளிச்சுன்னு எரியுதுன்னு கண்ணுல துணியைக் கட்டிக்கிட்டுத் தூங்குதுங்க...

மகள்: அண்ணே, எனக்கு இப்ப அந்தக் கதை...

செக்யூரிட்டி: சரி சரி. ஆனா ஒண்ணு கேக்கறேன். நீங்க வெளியூர்லேர்ந்து பேசறதா சொன்னீங்க. இங்க லைட் அணைஞ்சது அங்க எப்படித் தெரிஞ்சுது?

மகள்: ...எதிர்த்தாப்புல இருக்கற ஆபீஸ்ல என் ஃப்ரெண்டு வேலை பாக்கறா. அவ பாத்துட்டுச் சொன்னா.

செக்யூரிட்டி: ஆபீஸ்ல வேலையை விட்டுட்டு இதைத்தான் பாத்துக்கிட்டு இருக்காங்களா?

மகள்: கண்ணுல படும்ல அண்ணே!

செக்யூரிட்டி: கோவிச்சுக்காதீங்க. நேரா அவருக்கே ஒரு போன் போட்டா முடிஞ்சு போச்சே.

மகள்: போட்டேன். மணி அடிக்குது, எடுக்கல. எட்டு மாசத்துல முதல் தடவையா போடறேன்... எடுக்கல.

செக்யூரிட்டி: எட்டு மாசமா? பெத்த அப்பாகிட்டயா?

மகள்: எங்களுக்குள்ள பேச்சு இல்ல. அம்மா போனதுக்கப்புறம் எங்க வீட்டுக்கு வந்துடுங்கன்னு கூப்பிட்டேன். மாட்டேன்னுட்டு இங்க வந்தார். எங்களை விட இந்தக் கட்டடம்தான் உங்களுக்கு உசத்தியான்னு கேட்டேன். வாய் கொஞ்சம் நீண்டுடுச்சு.

செக்யூரிட்டி: அவர் என்ன சொன்னார்?

மகள்: "அசைஞ்சா எரியும், இல்லன்னா அணையும். எரியற வரைக்கும் உசுரோட இருக்கேன்னு வச்சுக்கோ. நீ ஒண்ணும் போன் பண்ணி நடிக்க வேண்டாம்"னார்.

செக்யூரிட்டி: ஓ... அதான் சங்கதியா.

மகள்: என்ன?

செக்யூரிட்டி: போன வாரம் எல்லா வீட்டுக்கும் சுவிட்ச் வைக்கறதுக்கு அளவெடுக்க ஆள் வந்தான். உங்கப்பா மட்டும் வாசல்லயே அவனைத் திருப்பி அனுப்பிட்டார். ஏன் சார்னு கேட்டேன். சுவிட்ச் பொய் சொல்லும், இது சொல்லாதுன்னார். மனுஷன் ஏதோ தத்துவம் பேசறார்னு நினைச்சேன்.

மகள்: அண்ணே... நீங்க மேல போய்ப் பாருங்க.

செக்யூரிட்டி: மேஜையை விட்டுட்டா? மேனேஜர் வந்தார்னா என் வேலைக்கு உலை வச்சுடுவார்.

மகள்: நான் பேசிக்கறேன். யார் கால்ல வேணாலும் விழறேன். போங்கண்ணே!

செக்யூரிட்டி: ...அழாதீங்க. போறேன். மாத்துச் சாவிக் கொத்து எங்க... இந்தா இருக்கு. லிஃப்ட்டுல லைன் கட்டாச்சுன்னா பயந்துடாதீங்க.

மகள்: படியில போங்க!

செக்யூரிட்டி: ஏழு மாடி! என் முட்டிக்கு யார் ஜவாப் சொல்றது? இருங்க, லிஃப்ட் வருது... ஏறிட்டேன். கேக்குதா?

மகள்: கேக்குது. அண்ணே, சும்மா பேசிக்கிட்டே இருங்க.

செக்யூரிட்டி: உங்கப்பா கல்லு மாதிரி இருக்கார். நேத்து ராத்திரிகூடக் கீழ வந்து கண்ணாடிக் கதவாண்ட நின்னார்.

மகள்: எதுக்கு?

செக்யூரிட்டி: தினம் வருவார். தூக்கம் வரலம்பார். வாசல்ல பஸ் வந்து நிக்கும்ல, அது கிளம்பினதும் திரும்பி மேல போயிடுவார்.

மகள்: எந்த பஸ்?

செக்யூரிட்டி: அது ஏதோ ஒரு பஸ்ஸு... மூணாவது மாடி தாண்டிடுச்சு. இந்த லிஃப்ட்டும் ஆபீஸ் காலத்துதுதான், ஆமை.

மகள்: சின்னப் பிள்ளையில நானும் அம்மாவும் எதிர்ப் பிளாட்ஃபாரத்துல நின்னு அந்த ஏழாவது மாடியைத்தான் பாத்துக்கிட்டு இருப்போம். லைட் அணைஞ்சா அப்பா இறங்கி வராருன்னு அர்த்தம். என் பிறந்தநாள் அன்னிக்குக்கூட அப்படித்தான். லைட் அணைஞ்சா குதிப்பேன். இப்ப பாருங்க... அதே லைட்... ஒரு நிமிஷம், மேஜை போன் அடிக்குது. கண்ணம்மா, அம்மா வந்துடறேன்டா. மெழுகுவத்தியை இப்பவே ஏத்த வேண்டாம்னு அப்பாகிட்ட சொல்லு. தாத்தாவா? தாத்தா... தூங்கறாங்கடா. வச்சிடு. ...அண்ணே, இருக்கீங்களா?

செக்யூரிட்டி: பாப்பாவுக்குப் பொறந்தநாளா?

மகள்: ஆமா.

செக்யூரிட்டி: வெளியூர்லேர்ந்து எப்படி மேடம் கேக் வெட்டறதுக்குள்ள போய்ச் சேருவீங்க?

மகள்: ...மாடி வந்துடுச்சா?

செக்யூரிட்டி: வந்துடுச்சு. கதவாண்ட நிக்கறேன். சார்! சார்! ...மணி அடிக்கறேன். சார், செக்யூரிட்டி வந்திருக்கேன்!

மகள்: ஏதாவது சத்தம்?

செக்யூரிட்டி: ஒண்ணும் இல்ல. ஆனா இது தீப்பிடிச்சாலும் தாங்கற மாதிரி ஆபீஸுக்குப் போட்ட கதவு. உள்ள மேளம் அடிச்சாலும் வெளிய கேக்காது. சாவி போடட்டுமா?

மகள்: ...இருங்க.

செக்யூரிட்டி: என்ன?

மகள்: கொஞ்சம் இருங்கண்ணே. திறக்காதீங்க.

செக்யூரிட்டி: இப்பதானே கால்ல விழறேன்னீங்க!

மகள்: அம்மாவையும் நான்தான் முதல்ல பாத்தேன். இதே மாதிரி கதவைத் திறந்து... தூங்கறாங்கன்னு நினைச்சு காபி போட்டு வச்சேன். என்னால முடியாது அண்ணே.

செக்யூரிட்டி: பக்கத்துல வேற யாராவது சொந்தக்காரங்க இருந்தாக் கூப்பிடுங்களேன்.

மகள்: யாரும் இல்ல. அவருக்கு நான்தான். ...திறங்க.

செக்யூரிட்டி: திறந்துட்டேன். உள்ள மங்கலா இருக்கு, லைட் எதுவும் இல்ல. ஒரு அடி உள்ள வச்சா தானா எரியும்... எரிஞ்சிடுச்சு.

மகள்: எரியுது... எரியுது!

செக்யூரிட்டி: அதைத்தானே நானும் சொல்றேன். ஹால்ல... ஜன்னலோரம் நாற்காலி. அதுல...

மகள்: அதுல?

செக்யூரிட்டி: உக்காந்திருக்கார். முதுகுதான் தெரியுது.

மகள்: அசையறாரா?

செக்யூரிட்டி: இருங்க, கிட்ட போய்ப் பாக்கறேன்.

மகள்: அண்ணே, அசையறாரா?

செக்யூரிட்டி: இல்ல மேடம்.

மகள்: கூப்பிடுங்க!

செக்யூரிட்டி: சார்... சார்... கை ரெண்டும் மடியில வச்சபடி இருக்கு. தலை நிமிர்ந்துதான் இருக்கு. நான்... தோளைத் தொட்டுப் பாக்கறேன். கடவுளே...

அப்பா: தொடாதேய்யா!

செக்யூரிட்டி: ஐயோ அம்மா!

அப்பா: உன்னை யாரு உள்ள விட்டது? போ போன்னு உள்ளேருந்து தொண்டை கிழியக் கத்தறேன், காதுல விழல? எல்லாத்தையும் கெடுத்தியே பாவி! பாரு, கல்யாணப் பந்தல் மாதிரி எரியுது! அசையாம இருந்தா மறுபடி அணையும்னு பாத்தா, தொடவே வந்துட்டே!

செக்யூரிட்டி: சார்... நீங்க உசுரோட... எனக்கு நெஞ்சே நின்னு போச்சு சார்!

மகள்: அண்ணே... நான் லைன்ல இருக்கேன்னு சொல்லாதீங்க. போனை மட்டும் வைக்காதீங்க.

அப்பா: என்னய்யா முணுமுணுப்பு?

செக்யூரிட்டி: ஒண்ணும் இல்ல சார். என்ன சார் இது, சிலை மாதிரி உக்காந்துக்கிட்டு? போன் அடிச்சுதே, எடுத்திருக்கலாம்ல?

அப்பா: கையை நீட்டினா எரிஞ்சிடுமே! கடன் வேணுமா சார்னு கேக்கற பயலா இருக்கும்னு விட்டுட்டேன். மூக்குல ஈ உக்காந்துது, அதைக்கூட ஓட்டல தெரியுமா?

செக்யூரிட்டி: எதுக்கு சார் இந்தத் தவம்?

அப்பா: இங்க வா. இந்தத் திரை இடுக்கு வழியா எதிர் ஜன்னலைப் பாரு. தூணுக்குப் பக்கத்துல ஒரு பொண்ணு நிக்குதா?

செக்யூரிட்டி: நிக்குது.

அப்பா: என் பொண்ணு.

செக்யூரிட்டி: ...உங்க பொண்ணு வெளியூர்ல இருக்கறதா...

அப்பா: எந்த மடையன் சொன்னான்? அந்த ஆபீஸ்ல பின்பக்கம் இருந்தது அவ சீட்டு. நான் இங்க வந்ததும் கேட்டு வாங்கி ஜன்னலோரம் வந்துட்டா. நான் பாக்கலைன்னு நினைப்பு. ஊரே வீட்டுக்குப் போனாலும் அவ போகமாட்டா. என் லைட் அணையணும். அணைஞ்சாத்தான் பையைத் தூக்குவா.

செக்யூரிட்டி: அதான் ராத்திரி கண்ணாடிக் கதவாண்ட...

அப்பா: பஸ் ஏறிட்டாளான்னு பாக்க வேணாமா? காலம் கெட்டுக் கிடக்கு.

செக்யூரிட்டி: இவ்வளவு பாசத்தை வச்சுக்கிட்டு அவங்க வீட்டுலயே இருக்கலாமே சார்.

அப்பா: ஒரே வீட்டுல இருந்தா ரெண்டு பேருக்கும் தினம் சண்டை. அவ என்னை மாதிரி. இங்கேயே பின்பக்கத்து வீட்டைப் பாதி வாடகைக்குத் தரேன்னான் பில்டர், நல்ல காத்து வேற. வேணாம்னுட்டேன். அங்கேருந்து இந்த ஜன்னல் தெரியாதே.

செக்யூரிட்டி: அப்ப இந்தக் கட்டடத்து மேல ஆசைப்பட்டு வரலையா நீங்க?

அப்பா: இந்தக் கட்டடமா? முப்பது வருஷம் என் உசுரை உறிஞ்சின கட்டடம். இதும்மேல எவனுக்காவது ஆசை வருமா?

செக்யூரிட்டி: சரி சார், இன்னிக்கு மட்டும் ஏன் இவ்வளவு சீக்கிரம்...

அப்பா: பேத்திக்குப் பொறந்தநாள்யா. இன்னிக்காவது ஆத்தாக்காரி நேரத்தோட வீட்டுக்குப் போகட்டும்னுதான் வெளிச்சம் இருக்கறப்பவே உக்காந்தேன். லைட் அணைஞ்சுது. ஆனா இவ போகல! எழுந்து நடக்கறா, உக்கார்றா, யார்கிட்டயோ பேசிக்கிட்டே இருக்கா. வீட்டுக்குத்தான் பேசறா, இதோ கிளம்பிடுவான்னு பாத்தேன்... இப்பவும் பாரு, போன் காதுலயேதான் இருக்கு. முகத்தைத் துடைக்கறா. அழறாளோ? யார்கிட்டய்யா பேசறா அவ?

செக்யூரிட்டி: அது... வந்து சார்...

அப்பா: உன் கையில என்ன?

செக்யூரிட்டி: போன் சார்.

அப்பா: லைன்ல யாரு?

செக்யூரிட்டி: வெளியூர்லேர்ந்து... ஒரு மேடம்.

அப்பா: கொண்டா.

செக்யூரிட்டி: இந்தாங்க சார்.

அப்பா: வெளியூர்ல எல்லாரும் சௌக்கியமா?

மகள்: ரோட்டைத் தாண்டினா அதுதாம்ப்பா வெளியூர். கேக் இன்னும் வெட்டல. நான் இறங்கி வந்து பஸ் ஸ்டாப்புல நிக்கறேன், செருப்பை மாட்டிக்கிட்டு வாங்க... கதவை மட்டும் சாத்துங்க, லைட்டு தானா அணைஞ்சுக்கும்.