சந்தனம் வச்ச ஒயரு

இல்லம்மா மலரு, நான் ஒன்ன கூப்புட வர்ல. நீ கோச்சிக்கினு அம்மா வூட்டுக்கு வந்துட்ட, அது ஒன் இஷ்டம். இந்த ஒயர காட்டிட்டு போலாம்னுதான் வந்தேன். மருமவள கூப்புட வந்தவளா இருந்தா பழம், பூவுன்னு வாங்கியாந்திருக்க மாட்டேன்? பாரு, பைல ஒயருதான் இருக்குது. பஸ்ஸுல பக்கத்துல ஒக்காந்த அம்மா, இன்னாக்கா சுகரு பாக்குற மிஷினான்னு கேட்டுச்சி. ஆமாம்னுட்டேன். நம்ம எடமேடைல லாரிய எட போட்டா அத கம்ப்யூட்டருக்கு எடுத்துக்கினு போற ஒயருன்னு சொன்னா, மணலூர்பேட்ட வர்ற வரைக்கும் வெளக்கணும். எனக்கே இப்பதான வெளங்குச்சி.

காப்பிலாம் வேணாம்னு ஒங்கம்மாகிட்ட சொல்லு. சம்மந்தி மூஞ்ச பாத்தா இன்னைக்கி சக்கர கம்மியாத்தான் போடும்.

நீ அப்பவே சொன்ன, ஆயுத பூசைக்கி. அத்த, எல்லாத்துக்கும் பொட்டு வைங்க, அந்த ஒயர மட்டும் தொடாதீங்கன்னு. நான் கேட்டனா? எட மிஷினுக்கு வச்சேன், கால்குலேட்டருக்கு வச்சேன், ஸ்டாப்ளருக்கு வச்சேன். ஒன் வூட்டுக்காரன் அசையாம ஒக்காந்துகினு இருந்தான், அவனயும் மிஷினுன்னு நெனச்சி வச்சிட்டேன். இதுக்கு மட்டும் வைக்கலன்னா சாமி கோச்சிக்காதா? புடுங்கனேன், தொடச்சேன், இந்த ஒம்பது ஊசி இருக்குது பாரு, இதுங்க நடுவுல கொழகொழன்னு சந்தனத்த அப்பி, திரும்ப சொருவிட்டேன்.

அப்புறம் நடந்தது ஒனக்கே தெரியும். மறுநா மரவள்ளிக் கெழங்கு லாரி மேடைல ஏறி நிக்குது, மிஷினுல செவப்பு நம்பரு ஓடுது, கம்ப்யூட்டர்ல எட கட்டம் வெறுங்கட்டம். கம்ப்யூட்டர் சீட்டு இல்லன்னா ஜவ்வரிசி மில்லுல கெழங்க எறக்க வுட மாட்டான். டிரைவருங்க கத்துறானுங்க. எனக்கு எங்க கோவம் காட்டறதுன்னு தெரியல, மொதல்ல ஒயரு மாட்டுனவ நீதான. இவ கை வச்சா எது வெளங்கும்னு, அத்தினி பேரு முன்னாடி ஒன்ன கேட்டுட்டேன். நீ பைய எடுத்துக்கினு பஸ் ஏறிட்ட.

சரி, ஒயரு கதைக்கி வரேன். நீ போனதும் ஒன் வூட்டுக்காரன் ஆப் பண்ணி ஆன் பண்ணான். அவனுக்கு தெரிஞ்ச வைத்தியம் அது ஒண்ணுதான். இன்னா, அவன பத்தி ஒனக்கே தெரியும்ன்றியா? அதும் செரிதான். நான் ஊதுனேன். பல்லு வெளக்குற பிரஷால தேச்சேன். வடாம் மாதிரி வெயில்ல காய வச்சேன். கம்ப்யூட்டர் முதுவுல தட்டுனேன், கொழந்தைக்கி ஏப்பம் எடுக்கற மாதிரி. அப்பவும் வர்ல. லாரிதான் ஜாஸ்தி கனமோன்னு அத கீழ எறக்க சொல்லிட்டு நானே மேட மேல ஏறி நின்னேன். மிஷினுல என் எட பெருசா செவப்பா எரிஞ்சிது, எல்லா டிரைவரும் பாத்துட்டானுங்க. கம்ப்யூட்டர்ல மட்டும் வர்ல. அந்த மட்டும் மானம் பொழச்சிது.

கடைசில கள்ளக்குறிச்சி கம்ப்யூட்டர் கடைலேந்து வெற்றிசெல்வன்னு ஒருத்தன் வந்தான். ஊசிங்களுக்கு நடுவுல சொரண்டுனா, காஞ்ச சந்தனம் பொலபொலன்னு கொட்டுது. இதுல யாருங்கம்மா சந்தனம் வச்சதுன்னான். எலி வச்சிருக்கும்னேன்.

சந்தனத்த எடுத்தும் கட்டம் வெறுங்கட்டம்தான். கம்ப்யூட்டர் உள்ள என்னென்னமோ தொறந்து பாத்துட்டு அவன் சொன்னான், ஒயர புடுங்கனவங்க பழைய ஓட்டைல சொருவாம பக்கத்து ஓட்டைல சொருவிட்டாங்கன்னு. அதனால ஒயரு அஞ்சாம் நம்பர்ல ஒக்காந்துகினு இருக்குதாம், எட போடுற சாப்ட்வேரு அத மூணாம் நம்பர்ல தேடிக்கினு இருக்குதாம். ஒருத்தி சின்னசேலம் ஸ்டேஷன்ல நிக்கிறா, இன்னொருத்தி அவள சங்கராபுரம் பஸ் ஸ்டாண்டுல தேடுறா, அந்த மாதிரி. மொதல்ல மாட்டுனவங்க எல்லாத்தயும் கரெக்டாத்தான் வச்சிருக்காங்க, யாருன்னு கேட்டான். எங்க வூட்டு பொண்ணுதான்னேன்.

ம்? அதுக்கப்புறமும் எட வர்லயான்னா கேக்குற?

வந்துச்சே. அவன் அப்பவே சரி பண்ணிட்டுதான் போனான். ஒயருக்கு ஒரு கேடும் இல்ல. இன்னைக்கி காலைல நல்லா ஓடிக்கினு இருக்கறப்ப நான்தான் புடுங்கி பைல போட்டுக்கினு பஸ் ஏறிட்டேன்.

சிரிக்காத. அன்னைக்கி நின்ன அதே டிரைவருங்கதான் இன்னைக்கும் லோடோட வரிசைல நிக்கிறானுங்க. எந்த ஓட்டன்னு எனக்கும் தெரியும் இப்ப, நானே மாட்டிடலாம். மாட்ட மாட்டேன். அவனுங்க பாக்க நீ மாட்டு. கட்டத்துல எட வந்ததும், வெளங்காத கை எதுன்னு நானே என் கைய தூக்கி காட்டுறேன். எழுந்துரு, பொடவய மாத்திக்கினு வா. கெழங்கு வெயில்ல வாடிக்கினு இருக்குது.