முப்பது வீட்டு மணிகள்

— பசளையாலை வாற நைத்திரேற்று லீற்றருக்கு நூற்றி நாப்பது மில்லிகிராம், பார்த்தீபன் அண்ணை. உங்கடை கிணத்துத் தண்ணியை நேற்று மூண்டுதரம் பாத்திட்டன்.

— இன்னொருக்காப் பாருங்கோ, ரேச்சல் மிஸ். போத்தில் ஊத்தையாக்கும்.

— புதுப் போத்தில். நாலு மாசத்துக்கு முந்தி இந்தக் கிணறு தொண்ணூறு. நான் தந்த தண்ணி வடிக்கிற பில்ரர் அதைப் பாதியாக்கி நாப்பத்தஞ்சிலை விட்டது. ஐம்பதுக்குக் கீழை எண்டால் கைக்குழந்தைக்குப் பால்மா கரைக்கலாம். இப்ப பாதியாக்கினாலும் எழுபது.

— அப்ப நிவேதனா பிள்ளையோடை வீட்டை வரமாட்டா.

— எப்பிடி வருவா? வடிக்காத தண்ணியிலை பால் கரைச்சு, பிள்ளையின்ரை உதடு நீலமாப் போனதைக் கண்டவ.

— ஆசுப்பத்திரியாலை நேரை கொடிகாமத்துக்குத் தாய் வீட்டை போனவ. ஐம்பதுக்குக் கீழை நிண்டால் வாறன் எண்டவ. பிள்ளை இப்ப குப்புறப் பிரளுதாம். தகப்பன் நான் போனிலைதான் பாத்தனான்.

— வடிவாக் கேளுங்கோ அண்ணை. பசளை போடாத தோட்டத்துக் கிணத்திலை நைத்திரேற்று ஏறாது. பக்கத்திலை றோய் அண்ணையின்ரை கிணத்திலை அது இறங்கியிருக்கு.

— நான் போடுறன் எண்டு சொல்லுறியளோ? நாலு மாசமா ஒரு பிடி யூரியா போடேல்லை. வெங்காயம் மஞ்சளடிச்சு நிக்கிறதைப் பாருங்கோ.

— நான் பாக்கிறது தண்ணியை.

— விடுங்கோ. ஊரிலை முப்பது வீட்டுப் பில்ரர் மணியையும் சனிக்கிழமையிலை ஆர் கழுவுறது? உங்கடை பாடமும் எனக்கு மனப்பாடம். நண்டுக் கோதையும் பனங்கொட்டைக் கரியையும் சேர்த்து உருட்டின மணி. அதுக்குள்ளை பஸ் மாதிரிச் சீற்று. தண்ணியிலை வாற பசளை ஏறி இருக்கும்.

— ஓம், சீற்று நிரம்பினால்?

— உப்புத் தண்ணியிலை ஊறவைக்கவேணும். உப்பு நெருக்கிப் பசளையை எழுப்பிப்போட்டுத் தான் இருக்கும். மணி திரும்பவும் வேலை செய்யும். கொண்டக்ரர் வேலைதான் எனக்கு.

— என்னைவிட வடிவாச் சொல்லுறியள்.

— எழும்பினது எங்கை போகும் மிஸ்? அதை நீங்கள் ஒருநாளும் சொல்லேல்லை.

— அழியாது. மணி பிடிச்சு வைக்கிறதுதான், அழிக்கிறதில்லை. எல்லாம் கழுவின தண்ணியிலை நிக்கும்... அண்ணை, கழுவின தண்ணியை எங்கை ஊத்துறியள்?

— தென்னைக்கு.

— எந்தத் தென்னைக்கு?

— எனக்கு இருக்கிறது ஒண்டுதானே. உந்தா, கிணத்தடியிலை நிக்குது.

— முப்பது வீட்டுத் தண்ணியையுமோ?

— ஓம். இந்த வரியம் நல்ல காய்.

— ஐயோ அண்ணை. எங்கடை நிலம் சுண்ணாம்புக் கல்லு, முழுக்க வெடிப்பு. மேலை ஊத்தினது நேரை கீழை இறங்கும். முப்பது வீட்டுத் தண்ணியிலை பிடிச்சதெல்லாம் உங்கடை கிணத்துக்குள்ளை நிக்குது. ஏன் அதிலை ஊத்தினனீங்கள்?

— குசினிச் சுவரிலை ஒட்டின கடதாசியை வாசியுங்கோ. கடைசி வரி.

— ‘கழுவிய உப்பு நீரை வீணாக்காமல் தென்னைக்கு ஊற்றவும்.’

— ஆரின்ரை எழுத்து?

— என்ரை. உப்பும் பசளையும் தென்னைக்கு நல்லம் எண்டு நினைச்சனான். தென்னை எங்கை நிக்குது எண்டு கேக்கேல்லை.

— விடுங்கோ மிஸ். காரணம் தெரிஞ்சுதுதானே. கழுவுறதைக் கிணறில்லாத காணியிலை வைப்பம். ரெண்டு மழை பெய்ய இறங்கும் என்ன?

— இறங்கும். கொஞ்சம் மெல்லமா.

— அது காணும். நிவேதனாவுக்கு நீங்களே ஒருக்கால் விளங்கப்படுத்துங்கோ, நீங்கள் சொன்னால் நம்புவா. நேற்றுப் பின்னேரத்திலையிருந்து என்ரை போன் எடுக்கிறாவில்லை. சாச் இல்லையாக்கும்.

— சாச் இருக்கு அண்ணை. நேற்றுப் பின்னேரம் எனக்கு எடுத்தவ. நீங்கள் களவாப் பசளை போடுறியள் எண்டு நான் சொல்லிப்போட்டன்.