முப்பத்தொன்றாம் வரி

ஐயா,

சென்ற பதினேழாம் தேதி போலீஸ் நிலையத்தில் உங்கள் அறையில் விசாரணைக்கு ஐந்து பேர் இருந்தோம். மேசைக்குப் பின்னால் சுழல் நாற்காலியில் நீங்கள். உங்கள் வலப்பக்கம் அந்த ரிசார்ட்டின் மேலாளர், கால்மேல் கால் போட்டுக்கொண்டு. அவருக்குப் பக்கத்தில் டாக்டர், நிமிடத்துக்கொரு தரம் கைக்கடிகாரத்தைப் பார்த்துக்கொண்டு. உங்களுக்கு நேர் எதிரே, மின்விசிறிக்குக் கீழே என் அக்கா. கதவோரம் ஸ்டூலில் நான், அக்காவின் கைப்பையை மடியில் வைத்துக்கொண்டு. அந்த ஸ்டூலுக்கு ஒரு கால் கட்டை. ஒன்றரை மணி நேரம் அதை என் முழங்காலால் அண்டக்கொடுத்து ஆடாமல் வைத்திருந்தேன். யாரும் கவனிக்கவில்லை.

அந்த ஒன்றரை மணி நேரத்தில் நீங்கள் என்னிடம் கேட்டது ஒரே ஒரு கேள்வி. "தண்ணி பாட்டில் அந்தப் பக்கம் இருக்கா தம்பி?" இருந்தது. எடுத்துக் கொடுத்தேன். எனக்கு வயது நாற்பத்தெட்டு.

உங்கள் அறிக்கையின் நகல் நேற்று வந்து சேர்ந்தது. என் அக்கா வீட்டுக்காரர் கோல்ஃப் மைதானத்தில் குளவி கொட்டி, தொண்டை வீங்கி, மூச்சடைத்து இறந்தார் என்று எழுதியிருக்கிறீர்கள். சரி. அந்த ஒவ்வாமைக்கென்று அவர் வைத்திருந்த ஊசி கோல்ஃப் பையில் இல்லை என்கிறீர்கள். அதுவும் சரி. காரணம், "மனைவி பொருட்களை எடுத்து வைத்ததில் நேர்ந்த கவனக்குறைவு" என்கிறீர்கள். இரண்டு பக்க அறிக்கையில் நான்கு எழுத்துப்பிழை. அதை விட்டுவிடலாம். கவனக்குறைவு என்ற சொல்லை விட முடியவில்லை. அந்தப் பையைக் கட்டியவன் நான். இருபத்திரண்டு வருடங்களில் நான் கட்டி அனுப்பிய எதிலும் கவனக்குறைவு என்று ஒருவன் விரல் நீட்டியது கிடையாது. அந்தச் சொல்லை அடித்துத் திருத்தவே இந்தக் கடிதம்.

அத்தானுடைய டைல்ஸ் கம்பெனியில் சரக்கு அனுப்பும் பிரிவு என் பொறுப்பு. எட்டடிக்குப் பத்தடி அறை, ஒரு தராசு, ஒரு மேசை, இரண்டு பீரோ. ஓடு உடையாமல் போய்ச் சேர வேண்டும் என்பதுதான் வேலை. அத்தானுக்குக் கோல்ஃப் பிடித்த பிறகு அவருடைய மட்டைகளும் என் தலையில் விழுந்தன. விடுமுறைக்குப் போகிற இடத்துக்குக் கோல்ஃப் மட்டைகளைக் கொண்டுசேர்க்க மூன்று வழிகள் உண்டு.

முதல் வழி, போன இடத்தில் வாடகைக்கு எடுப்பது. சொல்லிப் பார்த்தேன். "எவனோ வேர்த்த கையால புடிச்ச கம்ப நான் புடிக்கணுமா மச்சான்?" என்றார். பதினெட்டுக் குழிகளில் பந்தைப் போடப் பழகினவர்களுக்கு எண்பது தடவை அடித்தால் போதும், அவருக்கு நூற்றிருபது வேண்டும். யார் பிடித்த கம்பாக இருந்தாலும் அதே நூற்றிருபதுதான்.

இரண்டாவது, கூடவே எடுத்துப்போவது. விமானத்தில் ஒரு தடவை போட்டதில் பெரிய மட்டையின் கழுத்து முறிந்தது. அடுத்த தடவை பையோடு என்னை ரயிலில் அனுப்பினார். பத்தொன்பது மணி நேரம். அப்போது அம்மா ஆஸ்பத்திரியில் இருந்தாள். இரண்டு நாள் பொறுங்கள் என்று கேட்டேன். "அவங்க எங்க ஓடிடப் போறாங்க, கட்டில்லதான படுத்திருக்காங்க. எனக்கு நாளைக்கு எட்டு மணிக்கு ஆட்டம்" என்றார். நான் பையை மைதானத்து வாசலில் இறக்கி வைத்தபோது அக்காவிடமிருந்து போன் வந்தது. அம்மா போய்விட்டாள். இதற்கும் பின்னால் நான் சொல்லப்போவதற்கும் சம்பந்தம் ஒன்றுமில்லை. வரிசை கெடக்கூடாது என்பதற்காகச் சொல்கிறேன்.

மூன்றாவது வழி, ஒரு வாரம் முன்னதாகவே கூரியரில் அனுப்பிவிடுவது. அதிலிருந்து அதுதான் நடைமுறை. மட்டைகளின் தலைக்கு ஒவ்வொன்றாகப் பழைய சாக்ஸ் மாட்டுவேன். இடையிடையே துண்டு திணிப்பேன். எல்லா மட்டையையும் விட நாலு விரற்கடை உயரமான ஒரு கட்டையை நடுவில் நிறுத்துவேன், பெட்டி தலைகீழாக விழுந்தாலும் அடி அதன்மேல் விழுமே தவிர மட்டைமேல் விழாது. பெட்டியை எடை போட்டு, படம் எடுத்து, இரண்டு இடத்தில் முகவரி ஒட்டி, உள்ளே இருப்பதற்கெல்லாம் வரிசை எண் போட்டுப் பட்டியல் எழுதுவேன். ஒரு பிரதி பெட்டிக்குள், ஒன்று அத்தான் கையில், ஒன்று என் கோப்பில்.

கூரியர் படிவத்தில் ஒன்பதாவது விதி ஒன்று உண்டு. மருந்து, ஊசி, பேட்டரி, தீப்பற்றும் பொருள் எதுவும் உள்ளே இருக்கக்கூடாது. இல்லை என்று அனுப்புபவர் கையெழுத்துப் போட வேண்டும். அத்தானின் ஊசியோ எப்போதும் கோல்ஃப் பையின் பக்கவாட்டுப் பையில்தான் கிடக்கும். குளவி கொட்டுகிற இடம் மைதானம், ஆகவே ஊசி மைதானத்துக்குப் போகிற பையிலேயே இருக்கட்டும் என்பது அந்த வீட்டு ஏற்பாடு. பெட்டி கிளம்புவதற்கு முந்தின நாள் அக்கா வந்து பார்ப்பாள். "தம்பி, ஊசி பக்கப் பைல வெச்சிருக்கேன், பாத்துக்கோ" என்பாள். இந்தத் தடவையும் வந்தாள், வைத்தாள், சொன்னாள். அவள் கார் கேட்டைத் தாண்டியதும் அதை எடுத்து என் மேசை இழுப்பறையில் வைத்துப் பூட்டினேன். விதி விதிதானே. இருக்கிறதை இல்லை என்று எழுதிக் கையெழுத்துப் போடுவது எனக்கு வராது.

மறைத்தேன் என்று நினைக்காதீர்கள். பட்டியலில் முப்பத்தொன்றாம் வரி: "ஊசி ஒன்று, விதி 9-இன்படி அகற்றப்பட்டது. பயணி தம் கைப்பையில் எடுத்துச் செல்லவும்." தெளிவான கையெழுத்து. கிளம்புகிற அன்று காலையில் பட்டியலை அத்தானிடம் நானே நீட்டினேன். கணக்குப்பிள்ளை இருந்தார், டிரைவர் இருந்தார்.

"வந்துட்டாருப்பா லிஸ்டு" என்றார் அத்தான். அதுதான் அங்கே எனக்குப் பெயர். வாங்கி உரக்கப் படித்தார். "ஒண்ணு, பெரிய மட்டை. ரெண்டு, சின்ன மட்டை. மூணு, அதவிடச் சின்ன மட்டை. ஏன் மச்சான், பந்துக்கெல்லாம் பேரு வைக்கலியா?"

"பந்து இருபத்தாறாவது அத்தான். ஒன்பது பந்து."

"பாரு, பாரு! கேட்டா சொல்றான் பாரு!"

கணக்குப்பிள்ளை சிரித்தார். சம்பளம் வாங்குகிறவர், சிரிக்கத்தான் வேண்டும். அத்தான் பட்டியலை நான்காக மடித்தார். ஆடிய காபி மேசையின் காலுக்கு அடியில் செருகினார். "இப்பதான்யா உன் லிஸ்டு ஒரு வேலைக்கு ஆச்சு" என்றார்.

அவர் மூன்றாம் வரியைத் தாண்ட மாட்டார் என்று எனக்குத் தெரியும். எப்படித் தெரியும் என்று கேட்பீர்கள். இதற்கு முன்னால் மூன்று விடுமுறைக்கு இதே மாதிரி ஊசியை எடுத்துவிட்டு அனுப்பியிருக்கிறேன். மூன்று தடவையும் பட்டியலில் அதே முப்பத்தொன்றாம் வரி, மூன்று தடவையும் அதே கேலி. மூன்று தடவையும் அவர் வெயிலில் முகம் கறுத்துத் திரும்பி வந்து, சாப்பாட்டைக் குறை சொன்னார். பை வந்ததும் ஊசியை இருந்த இடத்தில் வைத்துவிடுவேன். குளவிக்கு நான் என்ன கடிதமா எழுத முடியும்? வாய்ப்பைத்தான் கொடுக்க முடியும்.

நான்காவது தடவை இடம் பார்க்கும் பொறுப்பும் எனக்கு வந்தது. மூன்று ரிசார்ட்டுகளின் விளம்பரத் தாள்கள் மேசையில் இருந்தன. ஒன்று கடலோரம், ஒன்று மலை. மூன்றாவது பழத்தோட்டங்களுக்கு நடுவில் இருக்கிறது, அறுவடைக் காலத்தில் மைதானம் முழுக்கப் பழுத்த வாசம் வீசும் என்று போட்டிருந்தது. விழுந்து அழுகின பழத்தில் என்ன மொய்க்கும் என்று தோட்டம் பார்த்தவனுக்குச் சொல்ல வேண்டியதில்லை. அறுவடை மாதத்துக்கே அறை போட்டேன். ஏழாவது குழிக்குப் பக்கத்தில் நடந்தது என்று உங்கள் அறிக்கையிலிருந்துதான் தெரிந்துகொண்டேன். பக்கப் பையின் ஜிப்பைத் திறந்து, உள்ளே இருந்ததையெல்லாம் புல்லில் கொட்டித் தேடினாராம். கையுறை இரண்டு, பந்து ஒன்பது, பந்தை ஏற்றி நிறுத்துகிற மரக் குச்சி ஒரு கட்டு. பட்டியலில் உள்ளபடியே எல்லாம் இருந்திருக்கிறது.

அந்தப் பட்டியல் உங்களிடமும் இருக்கிறது, ஐயா. ரிசார்ட்காரர்கள் பெட்டியோடு அனுப்பியதை நீங்களே கோப்பில் சேர்த்திருக்கிறீர்கள், பதினான்காவது தாளாக. வரிசை எண் போட்டது நீங்கள், படிக்காததும் நீங்கள். படித்திருந்தால் கதவோரம் உட்கார்ந்திருந்தவனிடம் தண்ணீர் கேட்டிருக்க மாட்டீர்கள். அத்தானாவது மூன்று வரி படித்தார்.

அக்காவைப் பற்றியும் சொல்ல வேண்டும். அன்று நீங்கள், "ஊசிய வெச்சீங்களா, இல்லியா? யோசிச்சுச் சொல்லுங்கம்மா" என்று மூன்று தடவை கேட்டீர்கள். முதல் தடவை வைத்தேன் என்றாள். இரண்டாம் தடவை, வைத்த ஞாபகம் என்றாள். மூன்றாம் தடவை அழுதாள். இப்போது வீட்டில் வெறும் பையை எடுத்து வைத்துக்கொண்டு ஜிப்பைத் திறக்கிறாள், மூடுகிறாள். "தம்பி, நான் வெச்சேனாடா? உங்கிட்ட சொன்னேனாடா?" என்று கேட்கிறாள்.

"தெரியலக்கா, நான் பக்கப் பையப் பாக்கலியே" என்று சொல்லிவைத்தேன். நேற்று வரைக்கும். உங்கள் அறிக்கை வராமல் இருந்திருந்தால் அந்தப் பதிலே போதுமானதாக இருந்திருக்கும். இனி அவள் வைத்தது அவளுக்குத் தெரியட்டும். எடுத்தவன் நான். அவர் சாக வேண்டும் என்று எடுத்தேன், நான்கு முறை எடுத்தேன், நான்காம் முறை செத்தார். இதில் கவனக்குறைவு எங்கே இருக்கிறது என்று நீங்களே சொல்லுங்கள்.

அத்தாட்சிக்கு அந்த ஊசியை இந்த உறையிலேயே வைத்திருக்கிறேன், துண்டுத் துணி சுற்றி, உடையாமல். இந்தக் கடைசி வரிகளைக் கூரியர் கடையில் நின்றபடி எழுதுகிறேன். கவுன்ட்டரில் இருக்கிற பெண் டேப்பைக் கிழித்துப் பிடித்துக்கொண்டு காத்திருக்கிறாள். சற்று முன்னால் படிவத்தைப் பார்த்து, "உள்ள மருந்து, ஊசி ஏதாச்சும் இருக்கா சார்?" என்று கேட்டாள்.

"இல்லம்மா, வெறும் லெட்டர்தான்" என்றேன்.

ஒன்பதாவது விதிக்கு நேரே கையெழுத்துப் போட்டுவிட்டேன். இனி அவள் ஒட்டலாம்.