பிள்ளையாருக்குப் பின்னால்

— ஸ்டேசனைத் தாண்டி வந்திட்டம். நான் கேட்டதுக்கு இன்னும் பதில் வரேல்லை, றூபன்.

— என்ன கேட்டனீர்?

— ஒவ்வொரு நாளும் என்னைப் பிக்கரிங் ரெயில் ஸ்டேசன் வாசல்ல இறக்கிவிட்டுட்டு, கதவு பூட்ட முந்திக் காரை எடுக்கிற மனுசன். இண்டைக்குச் சனிக்கிழமையும் அதுவுமா டவுன்ரவுன் ஒஃபிஸ் மட்டும் கொண்டுவந்து விடுறன் எண்டு விடியவே குளிச்சு வெளிக்கிட்டு நிக்கிறியள். ஏன்?

— மனிசி தலைவியாகப் போறா, காரில போய் இறங்கட்டுமன் எண்டு நினைச்சன். அதுகும் குற்றமே?

— இன்னும் ஆகேல்லை. இண்டைக்கு நிர்வாகப் போர்ட் கூடித்தான் முடிவெடுக்கும்.

— பின்னை வேற ஆரை எடுக்கப் போயினம்? இப்பத்தைத் தலைவி டெனீஸ் ஓய்வுபெறுறா, அவவுக்கு அடுத்தது நீர். பூர்வகுடிச் சனத்துக்கு வழக்குப் பேசுற அந்த ஒஃபிஸில சுவருக்கு என்ன பெயின்ற் எண்டதும் நீர் தெரிஞ்செடுத்ததுதானே.

— நானும் அப்பிடித்தான் நினைச்சுக்கொண்டிருந்தன். ஆனா இந்தக் கிழமை என்னவோ சரியில்லை. நான் உள்ளுக்குப் போனா கதை நிக்குது. டெனீஸ் கதவைச் சாத்திப்போட்டு ஃபோன் கதைக்கிறா. நேற்று ஜோலீனைப் படம் எடுக்க ஒருத்தன் வந்தவன். என்னை ஒருத்தரும் கூப்பிடேல்லை.

— ஜோலீன் ஆர்? எங்கட வீட்டில வந்து சொதியைக் கோப்பையோட தூக்கிக் குடிச்ச நெட்டைப் பெட்டையே?

— அவள்தான். பூர்வகுடிப் பிள்ளை, நான் பழக்கின லோயர். முதல் நாள் கோர்ட்டில எழும்பி நிண்டு என்னைத் திரும்பித் திரும்பிப் பாத்தவள். இப்ப என்னைக் கண்டா தலையைக் குனியிறாள். ஏதோ ஒண்டு... பொறுங்கோ, உதென்ன?

— எது?

— டாஷ்போர்ட் பிள்ளையாருக்குப் பின்னால. சிவப்பா.

— சும்மா ஒரு துணி முடிச்சு.

— சும்மாவோ? உதுக்குள்ள இருக்கிறது போயிலை. ஆர் தந்தது?

— எங்கட ஊர்ச் சுருட்டு மாதிரி மணக்குது, என்ன?

— கேள்விக்குப் பதில் சொல்லுங்கோ.

— சாட்சிக் கூட்டில நிக்கிறவனைக் கேக்கிற மாதிரிக் கேளாதையும். ஆக்னஸ் வந்தவ.

— எங்கட ஆக்னஸோ? போர்டில இருக்கிற பூர்வகுடி மூத்தவ? வழக்குக்கு வாற பிள்ளையளுக்குப் பக்கத்தில ஒண்டும் பேசாமல் இருக்கிற மனிசி, ஆற்ற வீட்டுக்கும் லேசில போகமாட்டா. எங்கட வீட்டுக்கோ?

— வியாழக்கிழமை. நீர் ஆரையோ பாக்க ஜெயிலுக்குப் போன அண்டைக்கு. தேத்தண்ணி குடிச்சவ. வடை உறைக்குது எண்டு சொல்லிப்போட்டு இன்னொண்டு எடுத்தவ.

— எனக்கு ஏன் சொல்லேல்லை?

— சொல்லத்தான் இருந்தன்.

— எப்ப? மீற்றிங் முடிஞ்ச பிறகோ? ரெண்டு நாளா என்னோட ஒரே மேசையில இருந்து சாப்பிட்டுக்கொண்டு!

— என்னை றோட்டைப் பாத்துக் காரை ஓட விடும், மயூரி.

— முடிச்சை நீட்ட முந்தி அவ என்ன சொன்னவ?

— ஏன் கேக்கிறீர்?

— ஐயோ! வீட்டில நான் கதைக்கிறது உங்கட காதில ஏறினாத்தானே. உது பரிசுப் பொருள் இல்லை. அவையின்ர முறை உது. ஒரு காரியத்தைக் கேட்டுப்போட்டுத்தான் போயிலையை நீட்டுவினம். வாங்கினா, கேட்டதுக்கு ஓம் எண்டு வாக்குக் குடுத்த மாதிரி. ஏலாதெண்டா கை நீட்டக்கூடாது. நீங்கள் என்ன செய்தனீங்கள்?

— வீட்டுக்கு வந்த வயசான மனிசி எழும்பி நிண்டு ஒண்டைத் தரேக்கை, கையைக் கட்டிக்கொண்டு நிக்கிறதே? ரெண்டு கையாலையும் வாங்கினன்.

— ரெண்டு கையாலையும்! வாங்கித் திருநீறு மாதிரிப் பிள்ளையாருக்குப் பக்கத்தில வேற வைச்சிருக்கிறியள்.

— வேற எங்கை வைக்கிறது? பிரேக்குக்குக் கீழயோ?

— பகிடி வேண்டாம். என்ன கேட்டவ?

— இந்த லைற்றைத் தாண்டட்டும், சொல்லுறன்.

— றூபன்.

— ஜோலீன் முன்னுக்கு வரட்டும் எண்டவ. இண்டைக்கு உம்மட பேரைச் சொன்னா, நீராகவே வேண்டாமெண்டு சொல்லவேணுமாம். சொல்லிப்போட்டு அவளுக்குப் பின்னால நிண்டு பிடிச்சுக்கொள்ளவேணுமாம். அதை உமக்குச் சொல்லி, உம்மைச் சம்மதிக்க வைக்கிறது என்ர பொறுப்பு.

— அப்ப நான் நினைச்சது சரி.

— மயூரி...

— எல்லாரும் சேர்ந்து முடிவெடுத்திட்டினம். என்னட்டைக் கேக்க ஒருத்தருக்கும் வாயில்லை, புருசனிட்டைப் போயினம்! ஒரு பிள்ளைக்குத் தண்டனை குடுக்க முந்தி, அவன் பிறந்த இடம் தொடக்கம் முழுக் கதையையும் நீதவானுக்கு எழுதிக் குடுக்கிறம் எல்லோ. அதில பாதி என்ர கையால வந்தது. வாசிச்சுப்போட்டு ஜட்ஜ்மார் கண்ணைத் துடைச்சிருக்கினம்.

— ஓம். எனக்கும் வாசிச்சுக் காட்டினனீர். நானும் துடைச்சனான்.

— பின்னை என்ன? தமிழிச்சி எண்டதே பிரச்சினை?

— ஆக்னஸ் அப்பிடிச் சொல்லேல்லை. உம்மைப் போல தங்களுக்காக ஒருத்தரும் கதைச்சதில்லையாம். அதாலதான் தங்கட பிள்ளையள் இன்னும் வாய் திறக்காமல் இருக்குதுகள் எண்டவ.

— அதை என்ர முகத்துக்கு நேர சொல்லியிருக்கலாமே.

— உம்மோட வாதாடி வெல்ல ஏலாதாம். அது எனக்கும் தெரிஞ்சதுதானே எண்டன். ரெண்டு பேரும் சிரிச்சம்.

— சிரிப்பியள். என்ர கதிரையை இழுத்துப்போட்டு, வடையும் திண்டு சிரிப்பியள்.

— என்ர அகதி வழக்கை எனக்காகப் பேசின லோயரைப் பற்றிச் சொல்லியிருக்கிறன் எல்லோ?

— இப்ப ஏன் அவர்?

— நல்ல மனுசன். அவர் சொன்னதில ஒரு சொல்லுப் பொய் இல்லை. கேஸ் வெண்டது, வெளியால வர எல்லாரும் கை குடுத்தினம். ஆனா அண்டைக்கு முழுக்க என்ர வாயால நான் சொன்னது என்ர பேரை மட்டும்தான். இண்டைக்கும் அண்ணை செத்த கதையை ஆரும் கேட்டா, அவர் சொன்ன மாதிரித்தான் எனக்கு வருது, அவற்ற இங்கிலீசில. என்ர சொல்லு எங்கையோ துலைஞ்சு போச்சு.

— இதை ஒருநாளும் நீங்கள் எனக்குச் சொல்லேல்லை.

— நீரும் லோயர்தானே. வெண்டதோ தோத்ததோ எண்டுதான் கேட்டனீர்.

— உதையும் இதையும் போட்டுக் குழைக்காதேங்கோ. என்னைக் கரைக்கப் பாக்கிறியள், எனக்கு விளங்குது. இந்தா, வந்திட்டம். படியில நிக்கிறது ஆர்?

— ஆக்னஸ். பக்கத்தில ஜோலீன்.

— காவல் நிக்கினம், நான் என்ன செய்யப்போறன் எண்டு பாக்க. நல்லது. உந்த முடிச்சை எடுங்கோ, திருப்பிக் குடுக்கிறன்.

— என்னெண்டு சொல்லிக் குடுப்பீர்?

— உள்ளதைச் சொல்லுவன். என்ர மனுசனுக்கு உங்கட முறை தெரியாது, மரியாதைக்குக் கை நீட்டிப்போட்டார் எண்டு. விளங்காமல் குடுத்த வாக்கு வாக்கே இல்லை, எந்தக் கோர்ட்டிலயும் எடுபடாது. ஆக்னஸ் நியாயம் தெரிஞ்ச மனிசி, மறுக்காமல் வாங்குவா. பிறகு நான் உள்ளுக்குப் போய் என்ர கதிரையில இருப்பன். என்ன பாத்துக்கொண்டிருக்கிறியள்? பெல்ற்றைக் கழட்டுங்கோ, நீங்களும் வந்து உங்கட வாயால சொல்லவேணும், தெரியாமல் வாங்கிப்போட்டன் எண்டு.

— கலியாணம் கட்டின நாள் தொடக்கம் உந்தப் போயிலைக் கதையை நீர் எனக்கு எத்தினை தரம் சொல்லியிருப்பீர், மயூரி? தெரிஞ்சுதான் ரெண்டு கையையும் நீட்டினனான்.